வேலைக்கேற்ற லினக்ஸ்: அதிகம் பேசப்படாத வழங்கல்களைத் தேர்ந்து, சோதித்து, நிறுவ முழுமையான வழிகாட்டி

உபுண்டு, மின்ட், ஃபெடோரா ஆகிய வழங்கல்களைத் தாண்டி (வழங்கல் என்றால் லினக்ஸைத் தேவையான மென்பொருள்களோடு சேர்த்துத் தரும் தொகுப்பு) எந்த லினக்ஸை முயன்று பார்க்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் டிஸ்ட்ரோவாட்ச் தளத்தின் தரவரிசையைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். 2001 முதல் இயங்கிவரும் அந்தத் தளம் நல்ல தகவல் களஞ்சியம். ஆனால் அதன் தரவரிசை, ஒரு வழங்கலின் அறிமுகப் பக்கம் எத்தனை முறை திறக்கப்பட்டது என்ற கணக்கு மட்டுமே. அதை யாராவது தினமும் பயன்படுத்துகிறார்களா என்பதற்கு அதில் விடை கிடையாது.

சிறிய வழங்கல்களைப் பொறுத்தவரை நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இதை உருவாக்கியவர் நாளைக்கே ஒதுங்கிக்கொண்டால், பாதுகாப்புத் திருத்தங்களை யார் அனுப்புவார்கள்? இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. பலரும் விரும்பிய கிரஞ்ச்பேங் லினக்ஸை அதன் ஆசிரியர் 2015 பிப்ரவரியில் நிறுத்திவிட்டார். பயனர்கள் கூடி பன்சன்லேப்ஸ் என்ற பெயரில் அதைத் தொடர வேண்டியிருந்தது. வாய்டு லினக்ஸின் நிறுவனர் 2018-இல் தொடர்பில் இல்லாமல் போனபோது, மற்ற பங்களிப்பாளர்கள் திட்டத்தைப் புதிய இணைய முகவரிக்கு மாற்றிக் காப்பாற்றினார்கள். பெரிய நிறுவனம் பின்னால் இருந்தாலும் உத்தரவாதம் இல்லை. இன்டெல் தன் கிளியர் லினக்ஸை 2025 ஜூலையில் கைவிட்டபோது, இனி பாதுகாப்புத் திருத்தமும் வராது என்று ஒரே அறிவிப்பில் சொல்லிவிட்டது.

ஆகவே இந்த வழிகாட்டியில் உள்ளவற்றை இரண்டு வகையாக வைத்துக்கொள்ளுங்கள். டெபியன், ஆர்ச் போன்ற பெரிய அடித்தள வழங்கல்களின் மீது நிற்பவையும், தனித்து நின்றாலும் பல கைகள் சேர்ந்து பராமரிப்பவையும் ஹார்டு டிஸ்கில் நிறுவத் தகுந்தவை. ஒருவரோ இருவரோ நடத்துபவை எவ்வளவு அழகாக இருந்தாலும் பென்டிரைவிலேயே இருக்கட்டும். ஒரு வழங்கல் எந்த வகை என்று அறிய, அதன் கடைசி வெளியீடு எப்போது வந்தது, மூலநிரல் களஞ்சியத்தில் எத்தனை பேர் மாற்றங்களைச் சேர்க்கிறார்கள், பொதிகள் (நிறுவத் தயாரான மென்பொருள் தொகுப்புகள்) எந்தச் சேவையகத்திலிருந்து வருகின்றன என்ற மூன்றையும் பாருங்கள். அதிக நேரம் பிடிக்காது.

முதல் படி: ஒரு பென்டிரைவ், பல லினக்ஸ்

ஒவ்வொரு வழங்கலுக்கும் பென்டிரைவை அழித்து எழுதிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வென்டாய் என்ற கருவி போதும். 32 ஜிபி பென்டிரைவ் ஒன்றை எடுத்து, விண்டோஸிலோ லினக்ஸிலோ வென்டாயை அதில் ஒருமுறை நிறுவுங்கள். அப்போது பென்டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். அதன் பிறகு ஐஎஸ்ஓ கோப்புகளை, அதாவது முழு இயங்குதளமும் அடங்கிய ஒற்றைக் கோப்புகளை, சாதாரணக் கோப்புகளைப் போல அதில் நகலெடுத்தாலே போதும். கணினியைப் பென்டிரைவிலிருந்து தொடங்கும்போது எது வேண்டும் என்று ஒரு பட்டியல் வரும். கீழே சொல்லப்போகும் டெயில்ஸுக்கு மட்டும் தனிப் பென்டிரைவ் வையுங்கள், காரணம் அங்கே.

தரவிறக்கிய கோப்பைச் சரிபார்ப்பதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள். 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்டின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பை மாற்றி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவைக் கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய திட்டத்துக்கே அது நடந்தது. வழங்கலின் தளத்தில் ஐஎஸ்ஓவுக்குப் பக்கத்தில் எஸ்எச்ஏ256 என்று ஒரு நீண்ட எண்ணெழுத்துச் சரம் இருக்கும். விண்டோஸில் 7-ஜிப் நிறுவியிருந்தால், கோப்பின் மீது வலச்சொடுக்கிட்டு வரும் பட்டியலிலேயே அந்தச் சரத்தைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் கோப்பு வழியில் சிதையவில்லை என்று பொருள். தளமே தாக்கப்பட்டிருந்தால் சரத்தையும் மாற்றியிருப்பார்கள் அல்லவா? அதற்குத்தான் ஜிபிஜி கையொப்பம், அதாவது கோப்பு உண்மையிலேயே உருவாக்குநர்களிடமிருந்து வந்ததா என்று காட்டும் மின்னணு முத்திரை. டெயில்ஸ் போன்றவற்றுக்கு அதையும் சரிபார்ப்பது நல்லது.

அடுத்து பூட், அதாவது கணினியைப் பென்டிரைவிலிருந்து தொடங்குவது. அதற்கான பட்டியலைத் திறக்கும் விசை கணினிக்குக் கணினி மாறும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஸ்கேப் அல்லது எஃப்9, ஆசுஸில் எஸ்கேப் அல்லது எஃப்8. ஏசரில் எஃப்12-ஐ முதலில் பயாஸ் அமைப்புக்குள் போய் இயக்கிவிட வேண்டியிருக்கும். செக்யூர் பூட் (அங்கீகரிக்கப்படாத இயங்குதளத்தைத் தொடங்க விடாத பாதுகாப்பு) தடுத்தால் அதை அணைக்க வேண்டும். அணைக்கும் முன் ஓர் எச்சரிக்கை: விண்டோஸில் பிட்லாக்கர் (டிஸ்கைக் குறியாக்கம் செய்து பூட்டும் வசதி) இயங்கிக்கொண்டிருந்தால், செக்யூர் பூட்டை மாற்றியதும் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். பல புதிய மடிக்கணினிகளில் உரிமையாளருக்கே தெரியாமல் குறியாக்கம் இயங்குகிறது. அந்த எண் பொதுவாக அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். முதலில் அதை எடுத்துக் காகிதத்தில் எழுதிவிட்டு மற்றதைத் தொடுங்கள்.

விண்டோஸை மூடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டே 'ஷட் டவுன்' கொடுங்கள். இல்லையென்றால் அது முழுமையாக மூடாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். லினக்ஸிலிருந்து அந்த டிஸ்கில் எழுத முடியாது.

பழைய கணினிக்கு: ஆன்டிஎக்ஸ்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் புதிய செயலியும் இல்லாத கணினிகள் வீடுகளிலும் பள்ளிகளிலும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் 4 ஜிபிக்கு மேல் ரேம் இருந்தால் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ (எடை குறைந்த டெஸ்க்டாப்) பதிப்பே போதும். வேறெங்கும் தேட வேண்டாம். 2 ஜிபி, 1 ஜிபி என்று இறங்கும்போதுதான் ஆன்டிஎக்ஸ் தேவைப்படுகிறது.

இது டெபியனின் நிலையான பதிப்பை அடிப்படையாகக் கொண்டது. 2023-இல் வந்த 23-ஆம் பதிப்பு டெபியன் 12-இன் மீது நிற்கிறது. பொதிகளில் பெரும்பகுதி நேராக டெபியன் சேவையகங்களிலிருந்தே வருகிறது. நான் இதை நிறுவச் சொல்வதற்கு முதல் காரணம் அதுதான். கணினி தொடங்கும்போது சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி இதில் இல்லை. கனமான டெஸ்க்டாப் சூழலுக்குப் பதில் ஐஸ்டபிள்யூஎம், ஃப்ளக்ஸ்பாக்ஸ், ஜேடபிள்யூஎம் போன்ற எளிய சாளர மேலாளர்கள். 512 எம்பி ரேம் இருந்தால் ஓடும் என்று அதன் உருவாக்குநர்களே சொல்கிறார்கள். 32 பிட் பதிப்பும் உண்டு. உபுண்டு 32 பிட் கணினிகளை எப்போதோ கைவிட்டுவிட்டது. டெபியனும் 2025-இல் வந்த 13-ஆம் பதிப்பில் அவற்றுக்கான நிறுவியையும் கர்னல் என்ற மையநிரலையும் நிறுத்திவிட்டதால், 32 பிட் கணினி வைத்திருப்பவர்களுக்குக் கதவுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன.

கணினி 32 பிட்டா 64 பிட்டா என்று தெரியவில்லையா? விண்டோஸின் 'அபவுட்' பக்கத்தில் இயங்குதளத்தையும் செயலியையும் தனித்தனியாகக் குறிப்பிட்டிருப்பார்கள். 64 பிட் செயலியின் மீது 32 பிட் விண்டோஸை ஏற்றி விற்ற காலம் ஒன்று இருந்தது. ஆகவே செயலிக்குரிய சொல்லைப் பாருங்கள். அதில் எக்ஸ்64 என்று இருந்தால் 64 பிட் ஐஎஸ்ஓவை எடுக்கலாம்.

நிறுவும் முறை இது:

1. தரவிறக்கப் பக்கத்தில் 'ஃபுல்' என்ற பதிப்பை எடுங்கள். 'பேஸ்', 'கோர்', 'நெட்' ஆகியவை தாங்களே கட்டியெழுப்ப விரும்புபவர்களுக்கு. தொடக்க முறைமை எது என்று கேட்டால் ரன்இட் வேண்டாம், சிஸ்விஇனிட் எடுங்கள். இணையத்தில் கிடைக்கும் உதவிக் குறிப்புகள் அதற்கே அதிகம்.

2. நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே நேரலையாக இயக்குங்கள். வைஃபை, ஒலி, திரையின் ஒளி அளவு, மடிக்கணினியின் மூடியைச் சாய்த்தால் தூங்கி எழுகிறதா என்ற நான்கையும் சோதியுங்கள். கடவுச்சொல் கேட்டால் பயனர் பெயர், கடவுச்சொல் இரண்டுமே 'டெமோ', நிர்வாகிக்கு 'ரூட்'. பழைய பிராட்காம் வைஃபை சில்லுகள் தகராறு செய்யக்கூடும். அப்போது கேபிள் வழியாகவோ கைபேசியை யுஎஸ்பியில் இணைத்தோ இணையம் கொடுத்து, தேவையான ஃபர்ம்வேரை (சில்லை இயக்கும் நிரல்) ஏற்றிப் பாருங்கள். எதுவும் பலிக்கவில்லை என்றால் மலிவான யுஎஸ்பி வைஃபை ஒன்றை வாங்கிவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

3. டெஸ்க்டாப்பில் உள்ள நிறுவியைத் திறங்கள். விண்டோஸை முழுவதும் நீக்கப்போகிறீர்கள் என்றால் முழு டிஸ்கையும் பயன்படுத்தச் சொல்லலாம். இரண்டும் வேண்டும் என்றால், விண்டோஸின் டிஸ்க் மேலாண்மைக் கருவியிலேயே பார்ட்டிஷனைச் சுருக்கி முன்கூட்டியே இடம் விட்டுவைத்து, பின் இங்கே அந்த இடத்தைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸே சுருக்கட்டும்.

4. ஸ்வாப் இடம் (ரேம் நிரம்பும்போது கைகொடுக்கும் டிஸ்க் பகுதி) கட்டாயம் வேண்டும். 1 ஜிபி ரேம் உள்ள கணினிக்கு 2 ஜிபி ஸ்வாப் கொடுங்கள்.

5. முதல் முறை உள்ளே நுழைந்ததும் கட்டுப்பாட்டு மையத்தைத் திறந்து எல்லாப் புதுப்பிப்புகளையும் போட்டுவிடுங்கள்.

இனி யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். ஆன்டிஎக்ஸின் டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போது எடுப்பது 200, 300 எம்பி அளவுதான். ஆனால் ஃபயர்ஃபாக்ஸைத் திறந்து ஒரே ஒரு மின்னஞ்சல் பக்கத்தைப் போட்டால் அதுவே அவ்வளவையும் அதற்கு மேலும் கேட்கும். இலகுவான வழங்கல் கணினியை இலகுவாக்கலாம், இணையத்தை இலகுவாக்காது. 1 ஜிபி ரேமில் கடிதம் எழுதலாம், பிடிஎஃப் படிக்கலாம், பாட்டுக் கேட்கலாம். பத்துத் தாவல்களோடு உலாவ முடியாது. உலாவியில் யுபிளாக் ஆரிஜின் நீட்சியைப் போட்டால் விளம்பரச் சுமை குறையும். கையில் சிறிது பணம் இருந்தால் புது வழங்கலைத் தேடுவதைவிட 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை மாட்டுவது பெரிய வித்தியாசத்தைத் தரும். சட்டா இணைப்புள்ள எந்தப் பழைய மடிக்கணினியிலும் அது பொருந்தும்.

ஆன்டிஎக்ஸில் எனக்குப் பிடித்த வசதி இன்னொன்று. எல்லாவற்றையும் அமைத்து முடித்த கணினியை அப்படியே ஒரு ஐஎஸ்ஓவாக மாற்றித் தரும் 'ஸ்னாப்ஷாட்' கருவி அதிலேயே இருக்கிறது. ஒரே மாதிரியான பழைய கணினிகள் பல உள்ள ஒரு சிறு நூலகத்திலோ டியூஷன் மையத்திலோ ஒன்றை மட்டும் ஒழுங்காக அமைத்து, மற்றவற்றில் அதன் நகலை நிறுவிவிடலாம்.

அதில் தமிழ் எழுத

உபுண்டுவில் அமைப்புகளுக்குள் போய் இரண்டு சொடுக்கில் முடிகிற வேலை இது. சிறிய வழங்கல்களில் நாமே செய்ய வேண்டும். முதலில் எழுத்துரு. தமிழ்ப் பக்கங்களில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எழுத்துரு இல்லை என்று பொருள். சினாப்டிக் பொதி மேலாளரைத் திறந்து, ஆங்கில எழுத்துகளில் 'லோஹித்' அல்லது 'நோட்டோ' என்று தேடினால் தமிழுக்கான எழுத்துருப் பொதிகள் கிடைக்கும். இடத்துக்குத் தட்டுப்பாடு என்றால் லோஹித் தமிழ் மட்டும் போதும். நோட்டோவின் முழுப் பொதி உலக மொழிகளையெல்லாம் சேர்த்து இறக்கும்.

பிறகு உள்ளீட்டு முறை. இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. லினக்ஸின் சாதாரண விசைப்பலகைப் பட்டியலிலேயே தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தால் எழுத்துகள் வரும், ஆனால் 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 முறையின் உயிரான விதிகள் வேலை செய்யாது. ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழ வேண்டும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினத்தை அடித்தாலும் அப்படியே. ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டுமே தெரிந்த அந்தப் பட்டியலால் முந்தைய எழுத்தைத் திரும்பிப் பார்க்க முடியாது. அதைச் செய்வது எம்17என் என்ற நூலகம். ஆகவே ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி, அதோடு ஐபஸுக்கான எம்17என் பொதி ஆகிய இரண்டையும் நிறுவுங்கள். ஐபஸின் விருப்பங்களில் தமிழின் கீழ் தமிழ்99, ஒலிப்பு முறை, இன்ஸ்கிரிப்ட் எல்லாம் வரிசையாக இருக்கும்.

அடுத்து 'ஐஎம்-கான்ஃபிக்' என்ற சிறு கருவியை இயக்கி, ஐபஸைத் தேர்ந்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். இந்தப் படியை விட்டுவிட்டால் ஐபஸ் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் லிப்ரே ஆபீஸில் தமிழ் வராது. மறுமுறை நுழையும்போது ஐபஸ் தானாகத் தொடங்கவில்லை என்றால், ஆன்டிஎக்ஸ் கட்டுப்பாட்டு மையத்தில் தொடக்க நிரல்களுக்கான கோப்பைத் திறந்து ஐபஸ் டெமனை (ஐபஸின் பின்னணி நிரல்) இயக்கும் வரியைச் சேர்க்க வேண்டும். டெர்மினலில் (கட்டளைகளை அடிக்கும் சாளரம்) மட்டும் தமிழ் உடைந்து தெரிந்தால் வருந்த வேண்டாம்; அது பெரும்பாலான டெர்மினல்களின் குறை, உங்கள் அமைப்பின் குறை அல்ல.

சென்னை சி-டாக் (மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனம்) உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்திய மொழி வசதிகளோடு டெபியன் அடிப்படையில் வருகிறது. அரசு அலுவலகம் அதைத்தான் கேட்கிறது என்றால் பயன்படுத்துங்கள். சொந்தக் கணினிக்கு என்றால், மேலே சொன்ன பொதிகளை நேராக டெபியனில் போட்டுக்கொள்வதையே நான் விரும்புவேன்.

ஹார்டு டிஸ்கே இல்லை என்றால்

ஆஸ்திரேலியாவின் பேரி காலர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் முழுவதுமாக ரேமில் ஏறி ஓடும். பென்டிரைவைப் பிடுங்கிவிட்டுக்கூட வேலை செய்யலாம். மூடும்போது செய்த மாற்றங்களை ஒரு கோப்பில் சேமிக்கவா என்று கேட்கும். பப்பி என்பது ஒரே வழங்கல் அல்ல, ஒரு குடும்பம். உபுண்டு, டெபியன், ஸ்லாக்வேர் என்று வெவ்வேறு அடித்தளத்தில் வெவ்வேறு பப்பிகள். டெபியன் 12 வழியில் வந்த புக்வார்ம்பப்பில் தொடங்குங்கள். வழக்கமாக நிர்வாகி உரிமையோடே இயங்கும் என்பதால் இதில் வங்கிக் கணக்கைத் திறப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னும் சிறியது டைனி கோர். வரைகலை முகப்போடு 20 எம்பியைச் சற்றே தாண்டும் அளவில் ஒரு முழு இயங்குதளம்! பார்க்கவே வியப்பாக இருக்கும். ஆனால் அந்தச் சிறிய பதிப்பில் வைஃபை கிடையாது, அதற்கு 'கோர்பிளஸ்' பதிப்பை எடுக்க வேண்டும். லினக்ஸ் எப்படித் துண்டு துண்டாகச் சேர்கிறது என்று கற்றுக்கொள்ள இது நல்லது. அன்றாட வேலைக்கு வேண்டாம்.

கெட்டுப்போன கணினியிலிருந்து கோப்புகளை மீட்க: சிஸ்டம்ரெஸ்க்யூ

வேறு எதையும் முயன்று பார்க்காவிட்டாலும் இதன் ஐஎஸ்ஓ ஒன்றை உங்கள் பென்டிரைவில் போட்டுவையுங்கள். முன்பு ஜென்டூ என்ற வழங்கலின் மீது இருந்தது, 2019-இல் வந்த 6-ஆம் பதிப்பு முதல் ஆர்ச் லினக்ஸின் மீது நிற்கிறது. நிறுவுவதற்கானது அல்ல. பார்ட்டிஷன்களைக் கையாளும் ஜிபார்டெட், அழிந்த கோப்புகளைத் தேடும் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக், பழுதான டிஸ்கைப் படிக்கும் டிடிரெஸ்க்யூ என்று மீட்புக் கருவிகள் எல்லாம் ஒரே இடத்தில்.

விண்டோஸ் எழவில்லை, கோப்புகள் வேண்டும் என்ற நிலையை எடுத்துக்கொள்வோம். பூட் பட்டியலில் முழுவதையும் ரேமுக்கு நகலெடுக்கும் தேர்வைக் கொடுங்கள். கறுப்புத் திரையில் கட்டளைக்கோடு வந்ததும் 'ஸ்டார்ட்எக்ஸ்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப் திறக்கும். கோப்பு மேலாளரின் இடப்பக்கத்தில் விண்டோஸ் பார்ட்டிஷன் தெரிந்தால் சொடுக்கித் திறந்து, தேவையானவற்றை வெளி ஹார்டு டிஸ்குக்கு நகலெடுத்துவிடலாம். படிக்க மட்டுமே முடிகிறது என்றால் விண்டோஸ் அரைத்தூக்கத்தில் இருக்கிறது. நகலெடுக்க அதுவே போதும், எழுத முயல வேண்டாம். பார்ட்டிஷன் பூட்டியிருந்தால் பிட்லாக்கர். 48 இலக்க எண் இருந்தால் கிரிப்ட்செட்டப் கருவியால் திறக்கலாம். எண் இல்லை என்றால் எந்த லினக்ஸாலும் எதுவும் செய்ய முடியாது. கடைக்காரர் யாராவது முடியும் என்று சொன்னால் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

டிஸ்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வருகிறது, கோப்புகள் பாதியில் நின்றுவிடுகின்றன என்றால் நிலைமை வேறு. அப்போது கோப்பு மேலாளரைத் திறக்கவே கூடாது. ஒவ்வொரு முறை படிக்கும்போதும் டிஸ்க் இன்னும் சற்றுத் தேய்கிறது. முதலில் முழு டிஸ்கையும் வேறு ஒரு நல்ல டிஸ்குக்குப் படிமமாக (அப்படியே முழு நகலாக) எடுக்க வேண்டும். டிடிரெஸ்க்யூ அதற்குத்தான்.

அதற்கு மூன்று பெயர்களைக் கொடுக்க வேண்டும்: மூல டிஸ்க், படிமக் கோப்பு, வரைபடக் கோப்பு. மூன்றாவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எந்தப் பகுதி படிக்கப்பட்டது, எது பாக்கி என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அது இருந்தால் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் ஓட்டத்தில் எளிதாகப் படிக்கக்கூடியவற்றை மட்டும் வாரி எடுக்கச் சொல்லுங்கள்; அதற்கு ஆங்கிலத்தின் 'என்' (n) என்ற சிறிய எழுத்து விருப்பம். அது முடிந்தபின் 'ஆர்' (r) விருப்பத்தோடு 3 என்று கொடுத்து, பழுதான இடங்களை மூன்று முறை முயலச் சொல்லலாம். பெரிய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஆகும், சில வேளை நாள்கணக்கிலும். டிஸ்கைக் குலுக்காமல், சூடேறாமல் பார்த்துக்கொண்டு காத்திருங்கள்.

தொடங்கும் முன் 'எல்எஸ்பிஎல்கே' கட்டளையால் டிஸ்குகளின் அளவையும் பெயரையும் பார்த்து, மூலம் எது, சேருமிடம் எது என்று காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் நல்ல டிஸ்க் பழுதான டிஸ்கின் மேல் எழுதப்பட்டுவிடும்; அதற்குப் பின் மீட்க ஒன்றும் இருக்காது. படிமம் கிடைத்ததும் ஃபோட்டோரெக்கை அந்தப் படிமத்தின் மீது ஓட்டுங்கள். கோப்புகளின் பழைய பெயர்களும் அடைவுகளும் திரும்ப வராது, உள்ளடக்கம் வரும். டிரிம் வசதி (அழித்த இடங்களை எஸ்எஸ்டியே துடைத்துவிடுவது) இயங்கும் எஸ்எஸ்டியில் அழித்த கோப்புகளைப் பெரும்பாலும் மீட்க முடியாது. திருமணப் படங்கள் போன்ற ஈடு செய்ய முடியாதவை என்றால், சத்தம் வரும் டிஸ்கின் மீது எதையும் ஓட்டாமல் தரவு மீட்பு ஆய்வகத்திடம் கொடுப்பதே சரி.

டிஸ்க் நன்றாக இருக்கும்போதே வேறு டிஸ்குக்கு மாறுவதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. தைவானில் உருவான குளோன்ஜில்லா போதும். அறிந்த கோப்பு முறைமைகளில் பயன்பாட்டில் உள்ள பகுதிகளை மட்டும் நகலெடுப்பதால் விரைவாக முடியும். புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறியதாக இருந்தால் மட்டும் வழக்கமான முறையில் ஏற்காது.

தடம் விடாமல் உலாவ: டெயில்ஸ்

டெபியனை அடிப்படையாகக் கொண்ட டெயில்ஸ், இணையப் போக்குவரத்து முழுவதையும் டோர் வலையமைப்பு (பல கணினிகள் வழியே சுற்றி அனுப்பி அடையாளத்தை மறைப்பது) வழியாகவே அனுப்பும். கணினியை அணைத்ததும் நடந்தது எல்லாவற்றையும் மறந்துவிடும். 2009 முதல் இருக்கிறது. 2024-இல் டோர் திட்டத்தோடு இணைந்துவிட்டதால் பின்னால் யார் என்ற கேள்வியும் இதில் இல்லை. குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ், 3 ஜிபி ரேம், 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி வேண்டும்.

இதைத் தனிப் பென்டிரைவில், அதற்கென்று தரும் யுஎஸ்பி படிமத்தைக் கொண்டு எழுதுங்கள். வென்டாய் வழியாகத் திறந்தால் குறியாக்கம் செய்த நிரந்தரச் சேமிப்பகத்தை உருவாக்க முடியாது. முதல் முறை தொடங்கும்போது வரவேற்புத் திரையிலேயே அந்தச் சேமிப்பகத்தை உருவாக்கலாம். நீளமான கடவுத்தொடர் வையுங்கள். மறந்தால் மீட்க வழி கிடையாது.

ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் இதைப் பயன்படுத்த வேண்டாம். நீங்கள் எந்தத் தளத்தைப் பார்க்கிறீர்கள் என்பது இணைய நிறுவனத்துக்குத் தெரியாது. டோர் பயன்படுத்துகிறீர்கள் என்பது தெரியும். அதையும் மறைக்க 'பிரிட்ஜ்' அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே போய்ச் சொந்த முகநூல் கணக்கில் நுழைந்துவிட்டால் டெயில்ஸ் செய்தது அத்தனையும் வீண்.

நிரல் எழுதுபவர்களுக்கு: நிக்ஸ்ஓஎஸ், வாய்டு

நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டால்ஸ்ட்ராவின் முனைவர் ஆய்விலிருந்து பிறந்தது நிக்ஸ் என்ற பொதி மேலாளர். அதன் மீது கட்டியது நிக்ஸ்ஓஎஸ். கணினியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை ஒரே கோப்பில் எழுதிவிட்டு, மறுகட்டமைப்புக் கட்டளையைக் கொடுத்தால் கணினி அப்படியே மாறும். பழைய நிலை அழியாது. பூட் பட்டியலில் ஒரு 'தலைமுறை'யாக நிற்கும். புதுப்பித்த பின் திரை எழவில்லையா, மறுதொடக்கம் செய்து முந்தைய தலைமுறையைத் தேர்ந்தால் முடிந்தது. அந்த ஒரு கோப்பை வைத்து வேறு கணினியில் இதே சூழலை மீண்டும் உருவாக்கலாம்.

வரைகலை நிறுவி இருப்பதால் நிறுவுவது எளிது, வாழ்வது கடினம். வழக்கமான அடைவு அமைப்பு இதில் இல்லாததால், இணையத்திலிருந்து இறக்கிய ஆயத்த நிரல்கள் பல அப்படியே ஓடாது. பழைய தலைமுறைகள் டிஸ்கை நிரப்பிக்கொண்டே போகும், அவ்வப்போது குப்பை நீக்கக் கட்டளையை இயக்க வேண்டும். உங்கள் முதன்மைக் கணினியில் நேராக ஏற்றாதீர்கள். முதலில் நிக்ஸ் பொதி மேலாளரை மட்டும் இப்போதுள்ள லினக்ஸில் நிறுவி, ஒரு பணித்திட்டத்தின் சூழலை அதில் அமைத்துப் பாருங்கள். பிடித்திருந்தால் மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) முழு நிக்ஸ்ஓஎஸ், அதன் பிறகு உண்மைக் கணினி.

இவ்வளவு புதுமை வேண்டாம், எளிமையும் வேகமும் போதும் என்பவர்களுக்கு வாய்டு. நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தில் பணியாற்றிய ஒருவர் 2008-இல் தொடங்கியது. எக்ஸ்பிபிஎஸ் என்ற சொந்தப் பொதி மேலாளர், தொடக்கத்துக்கு ரன்இட். நிறுவி எழுத்து வடிவில்தான் இருக்கும், ஆனால் கேட்கும் கேள்விகள் தெளிவானவை. நிறுவும்போது அடிப்படை நூலகமாக மஸல் உள்ள பதிப்பைத் தவிர்த்து ஜிலிப்சி உள்ள பதிப்பை எடுங்கள், இல்லையென்றால் வணிக மென்பொருள்கள் பல ஓடாது.

தொலைக்காட்சிக்கும் வீட்டுச் சேமிப்புக்கும்

ராஸ்பெரி பை என்ற சிறு கணினியைத் தொலைக்காட்சியில் இணைத்துப் படம் பார்க்க மட்டும் என்றால் லிப்ரெலெக். கோடி என்ற ஊடக இயக்கியைத் திறப்பதற்கு என்ன தேவையோ அது மட்டுமே அதில் இருக்கும். மெமரி கார்டில் எழுதிச் செருகினால் வேலை முடிந்தது.

குடும்பத்தின் படங்களையும் ஆவணங்களையும் ஓர் இடத்தில் சேமித்து எல்லாக் கருவிகளிலிருந்தும் பார்க்க, பழைய மேசைக் கணினியில் ஓபன்மீடியாவால்ட் நிறுவலாம். இதுவும் டெபியன்தான், வேறு கணினியின் உலாவியில் அதன் முகவரியைத் திறந்து எல்லாவற்றையும் நிர்வகிக்கலாம். நிறுவும் டிஸ்க் முழுவதையும் அது எடுத்துக்கொள்ளும் என்பதால், இயங்குதளத்துக்குச் சிறிய எஸ்எஸ்டி ஒன்றைத் தனியாக ஒதுக்குங்கள். நிறுவும்போது தரவு டிஸ்குகளின் கேபிளைக் கழற்றிவிடுங்கள், தவறான டிஸ்கைத் தேர்ந்தெடுக்கும் ஆபத்தே இருக்காது. முதல் முறை நுழைய பயனர் பெயர் 'அட்மின்', கடவுச்சொல் 'ஓபன்மீடியாவால்ட்'. இது எல்லோருக்கும் தெரிந்த கடவுச்சொல். அதை மாற்றி, புதுப்பிப்புகளைப் போட்டு, கணினியை அணைத்த பிறகு தரவு டிஸ்குகளைத் திரும்ப இணைத்துக்கொள்ளுங்கள்.